வேளாங்கண்ணிக்கு ஏன் போனோம்?

டிசம்பர் பிறந்தால் என் பேரன் ஒரு கதை கேட்பான். "தாத்தா, உங்க காலத்துக் கிறிஸ்துமஸ் சொல்லுங்க." நானும் சளைக்காமல் சொல்வேன். மூங்கில் நட்சத்திரம், குடில், நடுச்சாமப் பூசை, நண்பர்கள் நாலு பேரும் போன பஸ் பயணங்கள். அதில் பாதியை இங்கேயும் எழுதியிருக்கிறேன். போன வாரம் கதை கேட்டு முடித்தவன் ஒரு கேள்வி கேட்டான். "உங்ககூட டூர் வருவாரே வாத்தியார் தாத்தா, அவரும் உங்க ஊர்க் கோயில்தானே? பூசையில உங்க பக்கத்துலயா உட்காருவாரு?"

"இல்லை" என்றேன். "ஏன்?" என்றான்.

காபி ஆறுகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். பதினொரு வயசுப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனது ஒரு வாரமாக உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதுவும் பொய் இல்லை.

சிறு வயதில் என்னைப் புதுச்சேரியில் அத்தை வீட்டில் விட்டுப் பிரெஞ்சு வழியில் படிக்கவைத்தார்கள். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்துவிட்டது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். நான் படித்தது பெரும்பாலும் இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட வருஷங்களில். பள்ளிக்கூடத்தில் பாடம் பிரெஞ்சு, கோயிலில் பூசை லத்தீன், வீட்டில் திட்டு தமிழ். மூன்றில் தமிழ்தான் உடனே புரியும்.

டிசம்பர் தொடங்கும்போதே அத்தை விவிக்கம் கேக்குக்கு ஏற்பாடு செய்வார்கள். ரவை, நெய், முட்டை, ரம்மில் ஊறப்போட்ட திராட்சை. கலந்த மாவைப் பாத்திரத்தோடு பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. அது வெந்து வரும்வரை அந்த வாசலைவிட்டு நகரமாட்டேன். கடற்கரைக்குப் போனால் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் கருங்கல் தூண்கள் நிற்கும். 'எங்க ஊர்த் தூண்' என்று கூடப் படிக்கும் பையன்களிடம் பெருமை அடித்துக்கொள்வேன். லீவு விட்டதும் திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் பஸ் பயணம். மடியில் கேக் பொட்டலம். ராஜகிரி கண்ணில் பட்டதும் ஊர் வந்துவிட்டது என்று மனசு துள்ளும்.

அப்பாயி இருந்தது செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம், அங்கே எல்லோரும் இன்னும் உறவுதான். கிறிஸ்துமஸ் அங்கேதான். மூங்கில் பிளாச்சில் நட்சத்திரம் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே அகல் வைப்போம். காற்றடித்தால் நட்சத்திரமே பற்றிக்கொள்ளும், வருஷத்துக்கு ஒன்றாவது எரியும். குடிலுக்குப் பத்து நாள் முன்னாலேயே கொட்டாங்கச்சியில் கேழ்வரகு விதைத்துவிடுவோம், பயிர் பச்சைப்பசேல் என்று வந்திருக்கும். பழைய சாக்கில் சாணமும் கரியும் பூசிக் குடிலுக்குப் பின்னால் மலை செய்வோம். பெத்லகேம் மலை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்குத் தெரிந்த மலை பாறைமேல் பாறை அடுக்கிய செஞ்சி மலைதான். குழந்தை சேசு ராஜகிரிக்குக் கீழேதான் பிறந்தார்.

நடுச்சாமப் பூசை முடிந்து, பலகாரம் தின்று, கண் அசரும் நேரத்துக்குப் பெருமாள் கோயில் மார்கழி பஜனை தெருவில் வரும். அப்பாயி எழுந்துபோய் அவர்களுக்கு அதிரசம் கொடுப்பார்கள். பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு வரும். இதெல்லாம் உண்மை. பேரனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டது இனிமேல்தான்.

கோயிலுக்குள் நடுப்பத்தி எங்கள் ஊர்த்தெருவுக்கு. காலனிக்காரர்களுக்குப் பக்கவாட்டுச் சிறகு, தனி வாசல். பூசை முடிந்ததும் பாலனை முத்தி செய்ய வரிசை நிற்போம். முதலில் ஊர்த்தெரு, ஆண்கள், பெண்கள், குழந்தைகள். எங்களில் கடைசி ஆள் முத்தி செய்த பிறகுதான் கோயில்பிள்ளை பாலனை அந்தப் பக்கம் எடுத்துப் போவார். எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். பகலெல்லாம் என்கூட மலையேறிய, மூங்கில் பிளந்து கொடுத்த என் கூட்டாளி அந்தச் சிறகின் ஓரத்தில் கைகட்டி நிற்பான். என்னைப் பார்த்துச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஏன் அவன் அங்கே, நான் இங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி அதுவும் ஒரு ஏற்பாடு என்று நினைத்திருந்தேன்.

வளர்ந்தோம். அவன் வாத்தியார் ஆனான், நான் தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா. சைக்கிள் கடை பாய் ஒருவர், தபால் ஆபீஸ் நண்பர் ஒருவர், ஆக நாலு பேர். 1970-களின் நடுவில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் சி.எல். சேர்த்துப் போட்டுப் பயணம் கிளம்புவது வழக்கமானது. திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் என்று பஸ் மாறி மாறிப் போவோம். சில வருஷம் ஆருத்ரா தரிசனம் கிறிஸ்துமஸை ஒட்டியே வரும். அப்போது தபால்காரருக்காகச் சிதம்பரத்தில் இறங்குவோம். பாய்க்காக நாகூரில் இறங்குவோம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த பெரிய மனோராவை அண்ணாந்து பார்த்துவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு, கடைசியில் வேளாங்கண்ணி. 1962-ல் பசிலிக்கா ஆன கோயில். கிறிஸ்துமஸ் இரவில் அங்கே உள்ளே இடம் கிடைக்காது. மணலில் துண்டை விரித்து உட்காருவோம். பாயும் தபால்காரரும்கூட எங்களோடு பூசை முடியும்வரை இருப்பார்கள்.

திட்டம் போடுவது எப்போதும் வாத்தியார்தான். நவம்பரிலேயே ஆரம்பித்துவிடுவான். ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல். "இந்தத் தடவை ஊர்க் கோயிலிலேயே பார்த்துக்கலாமே" என்றேன். பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனான். இவனுக்குப் பயணப் பைத்தியம் என்று நாங்கள் மூன்று பேரும் கேலி செய்வோம்.

அந்த வருஷம்தான் மணலில் படுத்துக்கொண்டு கேட்டேன். "ஏன்டா, கிறிஸ்துமஸும் அதுவுமா ஊரை விட்டுட்டு இவ்வளவு தூரம்?"

"இங்க எங்க வேணா ஒக்காரலாம்டா. எந்தத் தெருன்னு ஒருத்தன் கேக்கமாட்டான். அதான் வருஷா வருஷம் வரேன்."

கோபம் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னான். பாய் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வாய் வரவில்லை. நான் ஊர் சுற்றப் போனேன். அவன் ஒரு பூசையில் நடுவில் உட்காருவதற்காக நாலு பஸ் மாறிப் போனான். அத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தும் எனக்கு அது தெரியவில்லை. தெரிந்த பிறகாவது ஊருக்கு வந்து ஏதாவது செய்தேனா என்றால், அதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு நான் நடுப்பத்தியில், அவன் சிறகில்.

இது ஒரு சிற்றூரின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டிலேயே இதை எழுதியிருக்கிறார். கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். ஒரு பக்கம் சேரிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். சேரி மக்கள் சாமியாரிடம் முறையிட்டுச் சுவரை இடிக்கவைத்தார்கள். செங்கல் சுவர் விழுந்தது அப்போது. 263 வருஷம் கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய எங்கள் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே செபமாலையை உருட்டுகிறவர்கள்தான்.

தாலுக்கா ஆபீசில் சாதிச் சான்று மனுக்கள் என் மேசை வழியாகத்தான் போயின. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். கிறிஸ்தவத்தில் தீண்டாமை இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அப்படி எத்தனையோ மனுக்களில் குறிப்பெழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். வாரநாளில் ஆபீசில் உட்கார்ந்து 'உனக்குத் தீண்டாமை கிடையாது' என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து அது உண்டு என்று காட்டினேன். இரண்டையும் செய்தது ஒரே ஆள். சட்டத்தை நான் எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். கோயிலில் உட்கார்ந்த இடம் நானாக உட்கார்ந்ததுதானே?

என் வயசுக்காரர்கள் சிலர் சொல்வார்கள்: "இப்ப எல்லாம் ஒண்ணாத்தானே உட்காருறோம், பழசை ஏன் கிளறணும்?" உட்காருவது மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தேர் எந்தத் தெருவரை போகும், யாருக்கு எந்தக் கல்லறைத் தோட்டம் என்ற பேச்சு ஓயாத ஊர்கள் இன்னும் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதி இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது. ஆயர்கள் ஒத்துக்கொண்டதை நான் பேரனிடம் ஒத்துக்கொள்ள என்ன தயக்கம்?

என் அபிப்பிராயம் இதுதான். நம் வயசில் 'அந்தக் காலம்' பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு, அதில் சந்தோஷமும் உண்டு. ஆனால் பலகாரம் என்ன, பாட்டு என்ன என்று சொல்கிறபோது யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் சொன்னால் பேரப்பிள்ளைகள் அப்படி ஒரு பொற்காலம் இருந்ததாக நம்பிவிடுவார்கள். நாளைக்கு வாத்தியாரின் பேரன் வேறு மாதிரி சொன்னால், அவன் பொய் சொல்கிறான் என்று சண்டைக்குப் போவார்கள். இது கிறிஸ்தவர் சங்கதி மட்டும் இல்லை. படிக்கிற மற்ற அன்பர்களும் உங்கள் ஊர்த் தேர் எந்தத் தெருமுனையில் திரும்பியது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

விசுவாசம் போய்விட்டதா என்று யாராவது கேட்பீர்கள். போகவில்லை. ஊரில் இடம் கிடைக்காமல் கொட்டிலில் பிறந்தவரைத்தான் கும்பிடுகிறேன். அந்தக் கதையை வருஷா வருஷம் கேட்டும், எங்கள் கோயிலில் இடம் கிடைக்காதவர்கள் யார் என்று பார்க்க எனக்கு இத்தனை வயசு ஆகியிருக்கிறது.

1980-களில் காலனிக்காரர்கள் தங்கள் தெருவிலேயே சின்னதாக ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். 'அவங்க வசதிக்காக' என்று ஊர்த்தெருவில் பேசிக்கொண்டோம். இத்தனை வருஷத்தில் நான் அதற்குள் பூசைக்குப் போனதில்லை. பாய் இப்போது இல்லை, தபால்காரர் மகனோடு பெங்களூரில் இருக்கிறார். வாத்தியார் மட்டும் அதே வீட்டில், முட்டிவலியோடு இருக்கிறான்.

நேற்று போன் போட்டேன். பேரன் கேட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "புள்ள நல்லாத்தான் கேட்டிருக்கான்" என்றான்.

"இந்த வருஷம் பூசைக்கு உங்க தெருக் கோயிலுக்கு வரட்டுமாடா?"

"வாயேன். ஆனா இப்ப ஒம்போது மணிக்கே பூசை. பன்னெண்டு வரைக்கும் நம்மால முழிச்சிருக்க முடியுமா? தரையில ஒக்கார முடியாது, ரெண்டு நாற்காலி போட்டு வெக்கச் சொல்றேன்."

மகன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றிருக்கிறான். பேரனும் வருகிறான். காபி ஆறுகிறது என்று விட்ட பதிலை அன்றைக்கு வாத்தியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்றிருக்கிறேன். நான் எங்கேயாவது மழுப்பினால் அவன் திருத்துவான்.