குத்தகையில் கரையும் ஆண்டுகள்

வேலைப் பாதுகாப்புச் சட்டங்கள் கடுமையாக இருந்தால் முதலாளிகள் ஆள் எடுக்கத் தயங்குவர். எளிதில் நீக்க முடிந்தால்தான் தாராளமாகச் சேர்ப்பர் என்னும் வாதம் இந்நாட்டில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வருகிறது. அதில் உண்மையே இல்லையெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. இரண்டு மூன்று பேரை வைத்துக் கடை நடத்தும் சிறு வணிகர், இன்னொருவரைச் சேர்க்குமுன் பலமுறை எண்ணிப் பார்க்கத்தான் செய்வார். ஆனால் இவ்வாதத்தை உரக்கப் பேசுவோர் சிறுகடைக்காரர் அல்லர். சட்டத்திற்கு அஞ்சி ஆள் எடுக்காமல் விடுவதன்று, சட்டத்தின் கை எட்டாத வழியில் ஆள் எடுப்பதே இங்கு பெரிதும் நடந்துவந்த கதை.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், ஐந்தாண்டு உழைத்தவரை நீக்க எட்டு வார முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நலன் விதிகள், ஆள்குறைப்பில் வேலை இழப்பவருக்கு இழப்பீடு வகுக்கின்றன. இரண்டாண்டுக்குக் குறைந்த பணிக்கு ஆண்டொன்றுக்குப் பத்து நாள் ஊதியம். ஐந்தாண்டு வரை பதினைந்து நாள். அதற்கு மேல் இருபது நாள். தக்க காரணமின்றி நீக்கப்பட்டவர் அறுபது நாளுக்குள் முறையிட 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டம் வழி திறந்து வைத்துள்ளது. இவ்வளவும் ஒரே கணக்கின்மீது நிற்பவை; அது ஆண்டுக் கணக்கு. அந்தக் கணக்கை அழித்துவிட்டால் சட்டம் புத்தகத்தில் இருக்கும். தொழிலாளி கையில் ஒன்றுமிராது.

அழிக்கும் கருவியின் பெயர் குத்தகை. தோட்டப்புறத்தார்க்கு இது புதிதன்று. பால்மரக் காட்டில் ஒரே நிரையில் வெட்டிய இருவருள், தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் பெயருள்ளவர்க்குச் சங்கம் பேசிய ஊதியமும், குத்தகையாளரின் கீழ் வெட்டியவர்க்கு அவர் கொடுத்ததும் என்றிருந்த நிலையைக் கண்ட முதியோர் இன்றும் உள்ளனர்.

அந்தத் தோட்டங்கள் பல மறைந்தன, குத்தகை மறையவில்லை. 1990களில் தனியார்மயக் காற்று வீசியபோது அரசுப் பள்ளிகளின் துப்புரவுப் பணியும் காவற்பணியும் குத்தகை நிறுவனங்களிடம் சென்றன. குத்தகைக் காலம் சில ஆண்டுகளே. காலம் முடிந்ததும் வேறொரு நிறுவனம் வரும். பழைய பணியாளரையே பெரும்பாலும் அதுவும் வைத்துக்கொள்ளும், ஆயினும் புதியவராக! அதே பள்ளி, அதே வகுப்பறை, அதே கழிப்பறை. கடிதத்தின் தலைப்பில் மட்டும் வேறு பெயர்.

இம்மாற்றத்தின் விலை என்ன? ஐந்தாண்டு கடந்தவர்க்கு ஆண்டு விடுப்பு பதினாறு நாள். புதியவர்க்கு எட்டு நாள். ஆகவே பதினைந்தாண்டு கூட்டிப் பெருக்கிய ஓர் அம்மையார், நிறுவனம் மாறிய மறுநாள் எட்டு நாளுக்கு இறங்குகிறார். நோய் விடுப்பும் அவ்வாறே இருபத்திரண்டிலிருந்து பதினான்காகிறது. பதினைந்தாண்டுத் தொடர்பணிக்கு முந்நூறு நாள் ஊதியம் இழப்பீடாகக் கணக்கிடப்பட வேண்டும். அவரிடமோ, ஒப்பந்தக் காலம் முடிந்தது, நீக்கமே நடக்கவில்லை என்று சொல்லி விடைகொடுப்பர்.

ஆசிரியர் ஒருவர் கெடாவிலிருந்து ஜொகூருக்கு மாற்றலாகிச் செல்கிறார். பள்ளி மாறுகிறது, ஊர் மாறுகிறது. அவருடைய பணியாண்டுகள் அவருடனேயே செல்கின்றன. இடம்விட்டு அசையாத துப்புரவுப் பணியாளருக்கோ ஆண்டுகள் பறிபோகின்றன. ஒரே வாயிலில் நுழையும் இருவர்க்கு இரண்டு நீதியா?

குத்தகை மாறும்போது ஆண்டுகளைச் சுமந்து செல்லச் சட்டத்திற்குத் தெரியாது என்பாரும் உளர். தெரியும். அதே 1980ஆம் ஆண்டு விதிகள், தொழில் கைமாறும் நிலையைத் தெளிவாகவே பேசுகின்றன. புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள் பழைய பணியாளர்க்கு முன்னினும் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வர வேண்டும். இல்லையேல் பழைய உரிமையாளர் இழப்பீடு தர வேண்டும். பணி தொடர்ந்தால் ஆண்டுகளும் தொடரும். தோட்டம் விற்கப்பட்டால் தொழிலாளியின் ஆண்டுகள் உயிர்வாழ்கின்றன. குத்தகை மாறினால் சாகின்றன. இந்த வேறுபாட்டிற்கு எந்த நியாயத்தைக் காட்டுவர்?

அவரே விரும்பிக் கையொப்பமிட்டாரே என்பது அடுத்த வாதம். கையொப்பமிடாவிடில் மறுநாள் வேலை இல்லை. இதில் விருப்பம் எங்கே வந்தது? 2020ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில், ஒப்பந்தத்தின் பெயரோடு நில்லாமல் அது தொடர்ந்து புதுப்பிக்கப்பட்ட விதத்தையும் நோக்கி, தவணை வேலை எனப்பட்டதை நிரந்தர வேலை என்றே கொண்டது. ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிறுவனங்கள் மாறி மாறி வருமிடத்தில் அத்தீர்ப்பு எளிதில் துணைவராது. தவிரவும், குறைந்தபட்ச ஊதியத்தில் குடும்பம் நடத்துபவர் கூட்டரசு நீதிமன்றம் வரை போவது நடக்கிற காரியமா?

ஆண்டுகளைத் தொடரச் செய்தால் வேலைகள் குறைந்துவிடும் என்னும் பூச்சாண்டி இங்கு செல்லாது. சட்டம் கடுமையானது என்பதற்காகப் பள்ளியின் கழிப்பறைகள் எண்ணிக்கையில் குறைவதில்லை. பெருக்க ஆள் வேண்டும். எவரேனும் எடுத்தே ஆகவேண்டும். செலவு கூடும் என்பது மெய்தான். அச்செலவை இதுநாள்வரை தாங்கியவர் யார் என்பதே கேள்வி.

குத்தகை கொடுப்பது அரசு. முன்னைய ஆண்டுகளையும் சேர்த்தே பணியாளரை ஏற்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுத நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அது எழுதப்படும் வரையில், பழைய நியமனக் கடிதங்களும் ஊதியச் சீட்டுகளும் மட்டுமே அப்பணியாளர்களிடம் உள்ள சான்றுகள். புதிய நிறுவனம் நீட்டும் மலாய்மொழிக் கடிதத்தைப் படித்தறியாமலே கையொப்பமிடுவோர் அவர்களுள் உண்டு. அதைப் படித்துச் சொல்லக்கூடிய ஆசிரியர்களோ பத்தடித் தொலைவில், ஆசிரியர் அறையில் அமர்ந்திருக்கின்றனர்.