அன்னையர்க்கு அரைமணி நேரம்

நம் இல்லங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. தந்தைக்கு நீரிழிவு என்று மருத்துவர் சொன்னால், மறுநாளே அவர் காலை நடைக்குப் புறப்பட்டுவிடுகிறார். தாய்க்கு அதே நோய் என்றால் மாத்திரை மட்டுமே வீட்டுக்கு வருகிறது, நடை வருவதில்லை. நான் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் விடியற்காலையில் நடப்போரைப் பார்க்கிறேன். அவர்களில் ஆடவரே மிகுதி. ஐம்பதைக் கடந்த அம்மாக்கள் அந்நேரம் அடுப்படியில் நிற்கிறார்கள். இது முறையன்று என்பதே என் கருத்து.

நடை அவர்களுக்கு அவ்வளவு இன்றியமையாததா என்று கேட்கலாம். ஆம், ஆடவரைக் காட்டிலும் அவர்களுக்கே அதன் தேவை மிகுதி எனலாம். மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணுடலில் தாராளமாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், இரத்தக் குழாய்கள் நெகிழ்வுடன் இருக்க உதவுகிறது. தீய கொழுப்பு ஏறாமலும் தடுக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதனோடு அந்தக் காவலும் நீங்குகிறது. அவ்வேளையில் நீரிழிவும் வந்து சேர்ந்தால் இதயம் என்ன பாடுபடும்? பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியான கணக்கு ஒன்று அதைக் காட்டுகிறது. நீரிழிவு இல்லாத ஆடவரோடு ஒப்பிட்டால், நீரிழிவுள்ள ஆடவர் இதயக் குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெண்களிலோ அது மூன்றரை மடங்கு!

இழந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் தீராதா? அமெரிக்காவில் பெருந்திரளான பெண்களிடம் அதையும் சோதித்தார்கள். அது இதயத்தைக் காக்கவில்லை என்று 2002இல் தெரிந்தது. குறுக்கு வழி இல்லை. உணவும் மருந்தும் ஒருபுறம் இருக்க, கால்கள்தாம் மறுபுறம் துணை.

நடக்கும்போது என்ன நிகழ்கிறது? உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கப் பழகுகின்றன. இரத்த அழுத்தம் தணிகிறது. 1953இலேயே இலண்டன் பேருந்துகளில் இதைக் கண்டார் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர். நாள் முழுதும் மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதய நோய் மிகுதியாக இருந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம்; அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே நடையின் வேகம். ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போய்த் திரும்பினால் சற்றேறக்குறைய கணக்குத் தீர்ந்துவிடும்.

"அம்மா நாள் முழுவதும் வேலை செய்கிறாளே, அது போதாதா?" என்பார் சிலர். அது உழைப்புத்தான்; யார் மறுப்பர்? ஆனால் நிற்பதும், குனிவதும், நாலடி நடப்பதுமான அந்த வேலை உடலைக் களைப்பிக்கிறது. இதயத்தை இடைவிடாமல் பத்து நிமிடமேனும் விரைந்து துடிக்கச் செய்வது அரிது. "நாள்தோறும் கோயிலைச் சுற்றுகிறாளே" என்பார் வேறு சிலர். வழிபாடு நடக்கட்டும். ஆனால் அது மெதுநடை. அதுவும் வெறுங்கால் நடை. நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். வெயிலில் காய்ந்த கல் சுடுவதும், முள் தைப்பதும் தெரியாமல் புண்ணாகிவிடும். ஆகவே உடற்பயிற்சிக்கான நடை தனி. அதற்குக் காலுக்குப் பொருந்திய செருப்போ காலணியோ வேண்டும்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, கேரளத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்கள். நோய் வரக்கூடிய நிலையிலிருந்த 1007 பேரை இத்திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பாதியினருக்குக் குழுக் கூட்டங்கள் நடத்தி, வாழ்க்கை முறையை மாற்றச் சொல்லிப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. இரண்டாண்டில் கூட்டங்களுக்கு வந்த பிரிவில் நூற்றுக்கு 14.9 பேருக்கும், மற்றப் பிரிவில் 17.1 பேருக்கும் நோய் வந்தது. உறுதியாக வெற்றி என்று சொல்லத்தக்க வேறுபாடு அன்று அது. இதிலிருந்து நான் கொள்ளும் பாடம் ஒன்று: அறிவுரை மட்டும் போதாது, வீடும் இடம்கொடுக்க வேண்டும்.

அம்மாவிடம் "நட" என்று சொல்வது எளிது. காப்பி போடுவது யார்? இட்லி ஊற்றுவது யார்? அந்த அரைமணியை அவளுக்கு ஒழித்துக் கொடுக்காமல் நடக்கச் சொல்வது, பசித்தவனிடம் சமையல் நூலை நீட்டுவது போன்றது.

மாணவ நண்பர்களே! நம்மால் ஆகக்கூடியவை இவை. தொடங்குமுன் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நீரிழிவு உடையவர்க்கு மாரடைப்புகூட நெஞ்சுவலியின்றி, வெறும் மூச்சிரைப்பாகவும் சோர்வாகவும் வரலாம். இன்சுலின் போடுபவராயின் கையில் இரண்டு மிட்டாய் கொடுத்தனுப்புவோம். வாரத்தில் ஐந்து காலை அடுப்படியை நாமே ஏற்போம். விடுதியில் இருப்போர் விடுமுறையில் தொடங்கலாம். தம்பி தங்கையரிடம் ஒப்படைத்து வரலாம்.

பெண்ணுரிமை பற்றி மேடையில் முழங்க நமக்குத் தெரியும். அவ்வுரிமை அரைமணி நேரமாக நம் சமையலறைக்கு வரட்டும்.