புட்டிக்குள் பீர், வெளியே பொம்மை!

பீர் புட்டிக்கு அடையாளம் தேவைதான். பிரிட்டனில் முதல் எண்ணாகப் பதிவான டிரேட் மார்க்கே 'பாஸ்' பீரின் சிவப்பு முக்கோணம். ஆண்டு 1876. எழுத்தறியாதவரும் அதைப் பார்த்து வாங்கலாம்.

இன்று சிறு ஆலைகள் பெருகிவிட்டன. கடைத்தட்டில் கண்ணைப் பறிக்க ஒரே போட்டி! வேல்ஸ் நாட்டு 'டைனி ரெபல்' ஆலையின் 'குட்ச்' பீர் 2015-ல் பிரிட்டனின் சிறந்த பீர் என்று பரிசு பெற்றது. சரக்கில் குறையில்லை. டப்பாவிலோ கரடிப் பொம்மை, வர்ணச் சுழல்கள்! இது சிறுவர்களைக் கவரும் என்று 2017-ல் கண்டித்தது 'போர்ட்மன் குரூப்'. மதுக் கம்பெனிகளே அமைத்த கண்காணிப்புச் சபை அது! ஆலை படத்தை மாற்றியது.

மாற்றியது சரியே. 18 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அது கடைக்காரரைத் தடுக்கும். அப்பா வாங்கி வைத்த டப்பாவை மிட்டாய் என்று எடுக்கும் பிள்ளையைத் தடுக்குமா?