தகரத்திற்குமா தரம்?

"தகரந்தானே தம்பி, இதற்கென்ன இலக்கணம்?" என்று கேட்கின்றனர் சிலர். பொன்னுக்கு உரைகல் தேடுவோர், பட்டுக்குச் சரிகை சோதிப்போர், தகட்டுத் தொழிலாளியின் முன் நின்றதும் ஒரே அளவுகோலைத்தான் எடுக்கின்றனர்: விலை!

குறை, குறை என்றால் எதைக் குறைப்பார் அவர்? தகட்டின் தடிப்பை. அதற்கு வாய்ப்பாக அமைந்தது கேஜ் கணக்கு. எண் ஏற ஏறத் தகடு மெலியும் விந்தைக் கணக்கு! 24 கேஜ் தகடு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 28 கேஜ் அரைக்கும் கீழ். எண் பெரிது, எனவே பொருளும் பெரிது என்று மகிழ்ந்து செல்கிறார் வாங்கியவர்.

வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், தோழர்களே! வாய் விளிம்பிலே பிசிறு நீக்கி, கம்பி வைத்துச் சுருட்டியிருக்க வேண்டும். மடிப்புக்குரிய இடத்தைக் குறியிடும்போதே கணக்கிட்டு விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் இழுத்துப் பூட்டிய மடிப்பு பின்னர் வாய் பிளக்கும். கொட்டாப்புளி தட்ட வேண்டிய இடத்தில் இரும்புச் சுத்தியல் விழுந்தால் தகடு நெளியும். பற்றுவைத்தபின் திராவகத்தைக் கழுவாது விட்டால், அதே திராவகம் இணைப்பை அரிக்கும். கழுவ ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்திற்குத்தான் கூலி தர மறுக்கிறோம் நாம்!

ஒழுகினால் வாளிதானே போகும் என்பர். குடிநீர்க் கலத்தில், பால் அளக்கும் படியில், காரீயம் கலந்த பற்று வைத்தால்? காரீயம் குழந்தையின் மூளையைத் தாக்கும் நஞ்சு. இவ்வளவு வரை தீங்கில்லை என்று மருத்துவ உலகம் வரம்பு கட்ட இயலாத நஞ்சு. வெள்ளீயம் விலை மிகுந்தது, காரீயம் மலிவு. அந்த மலிவுக்குப் பிள்ளையின் அறிவையா ஈடு வைப்பது?

கைத்திறன் குருதியில் வருவது, கற்பிக்கத் தேவையில்லை என்று பேசுவோரும் உளர். பாதி நாள் பள்ளி, மீதி நாள் தந்தையின் தொழில் என்று 1953-ல் சென்னை மாநிலத்தில் ஒரு திட்டமே வந்தது. எதிர்ப்புக்குப் பின் 1954-ல் கைவிடப்பட்டது. குருதியில் வருமாயின், தகட்டு வேலைக்கென்று தொழிற்பயிற்சி நிலையங்கள் ஓராண்டுப் பாடம் நடத்துவானேன்? தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்குவானேன்? மைக்ரோமீட்டர் பாட்டன் பெயரைக் கேட்பதில்லை!

அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது, தகடு எத்தனை கேஜ், பற்றில் காரீயம் உண்டா என்று கேளுங்கள். தெளிவாக விடையிறுத்து, அவ்வண்ணமே செய்து தருபவரிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள்.