கண் நல்லா தெரியுதா? இப்பவே காட்டிடுங்க!

"கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி இருக்குது வைத்தியரே, ஏதாவது சொட்டு மருந்து குடுங்க."

போன வருஷம் ஒரு விவசாயி வந்து கேட்டார். வயது 58. சர்க்கரை வந்து 12 வருஷம். இடது கண் மங்கி ஆறு மாதமாகியும், "வயசானா புரை விழறது சகஜம்தானே" என்று இருந்துவிட்டார். நந்தியாவட்டைப் பூச்சாறுகூட விட்டுப் பார்த்திருக்கிறார்!

நான் மருந்து தரவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். புரை இல்லை, விழித்திரையில் ரத்தக் கசிவு. வலது கண் தப்பியது. இடது கண்ணில் போன பார்வை முழுசாகத் திரும்பவில்லை.

புரை வேறு, இது வேறு. சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால், கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியும். ஆரம்பத்தில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது, மங்கலும் கிடையாது. மங்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். லேசரும் ஊசியும் முக்கியமாக இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான்.

'உழைக்கிற உடம்புக்கு சர்க்கரை வராது' என்பது பழைய கதை. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் சங்கர நேத்ராலயா நடத்தி, 2014-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. சர்க்கரை வந்து எத்தனை வருஷம் என்பது முதல் காரணம். அடுத்தது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். கிராமத்தில் சர்க்கரை இருப்பதே பலருக்கு வருஷக்கணக்கில் தெரிவதில்லை. தெரிந்தாலும், உடம்பு கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

"சித்த வைத்தியரே இப்படிப் பேசலாமா?" என்று கேட்பீர்கள். பேசத்தான் வேண்டும். ஆவாரைக் குடிநீரும் சிறுகுறிஞ்சானும் நானும் கொடுப்பவைதான். ஆனால் கசியும் விழித்திரையை அவை சரிசெய்யும் என்று சொன்னால், அது நான் படித்த படிப்புக்கே துரோகம். 'கஷாயம் இருக்கே' என்று மாத்திரையை நிறுத்துவதும் தப்பு. மதுமேகம் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் "கண் காட்டியாச்சா?" என்று கேட்பது எங்கள் கடமை. கேட்காமல் மருந்துப் பொட்டலம் மட்டும் மடித்துத் தருகிற வைத்தியரும் அந்தக் குருட்டுக்குப் பொறுப்பாளிதான்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல காரியம். ஆனால் விழித்திரையைக் காட்ட நாம்தான் கிளம்பணும்.

ஊரில் அப்பா, அம்மா இருக்கிறார்களா? சர்க்கரை இருந்தால், பொங்கலுக்கு வேட்டி, சேலையோடு போகும்போது ஒருநாள் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டு, பாவையை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி பவர் பார்ப்பது மட்டும் போதாது. அன்று சில மணி நேரம் பார்வை கூசும், வண்டி ஓட்ட விடாதீர்கள். வருஷம் ஒருமுறை இதைச் செய்யணும்.

"எனக்கென்ன, கண் நல்லாத்தானே தெரியுது" என்பார்கள். நல்லா தெரியும்போதே காட்டினால்தான் கடைசிவரை நல்லா தெரியும்!