உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்

ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடியிருப்பாக உருவான ஐதராபாத்தின் சைனிக்புரியில், தோட்டத்தோடு அமைந்த பழைய தனி வீடுகளின் இடத்தில் அடுக்குமாடிகளும் காபிக் கடைகளும் எழுந்துவருகின்றன. இத்தகைய வீடுகள் இடிபடும்போது தேக்குக் கதவு சாப்பாட்டு மேசையாகிறது. சன்னல் கம்பி கொடி படரும் தட்டியாகிறது. சரக்கு வந்திறங்கிய பேலட் பலகைகூடப் புத்தக அலமாரியாக மாறுகிறது. வாங்கிக் குவிக்கும் காலத்தில் இந்தக் கைவேலை மதிக்கத்தக்கதே. ஆனால், பழையதைப் பயன்படுத்துவதனாலேயே ஒரு செயல் சூழலுக்கு உகந்ததாகிவிடும் என்னும் நம்பிக்கை ஆராயப்பட வேண்டியது.

மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் 1962-இல் வெளியிட்ட நூலில், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஆக்குபவனைப் பற்றி எழுதினார். அவன் எடுக்கும் ஒவ்வொரு துண்டும் முந்தைய பயன்பாட்டின் கட்டுப்பாடுகளைச் சுமந்தே வருகிறது என்பது அவர் கருத்து. கலைத்துறை மாணவர்கள் இதனை உருவகமாகவே படிக்கிறார்கள். பழைய கதவைப் பொறுத்தவரை இது வேதியியல் உண்மையும்கூட.

வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்னும் இந்திய விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட கதவிலும் கம்பியிலும் ஈயம் இருக்கக்கூடும். பளிச்சிடும் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் அதற்கான வாய்ப்பு மிகுதி. அந்தக் கதவு சும்மா நிற்கும்வரை தொல்லை குறைவு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் ஈயம் தூளாகிப் பரவுகிறது. அதே தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத்தகட்டை அறுத்துச் செடித்தொட்டி செய்வதும் இவ்வகையே. பேலட் பலகையிலும் முத்திரையைப் பார்க்க வேண்டும்: ‘எச்.டி.’ என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு ஏற்றியது. பின்னதை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் புதியதை வாங்குவதே மேல் என்று முடிவுகட்டுவது அவசரம். புதிய பிளைவுட்டின் பசையிலிருந்தும் ஃபார்மால்டிஹைடு வெளியேறக்கூடும். முற்றிய பழந்தேக்கின் உறுதியை விரைவில் வளர்த்து வெட்டிய மரத்தில் எதிர்பார்க்கவும் முடியாது. வேண்டியது பொருளறிவு. அந்த அறிவில் ஒரு பாதி காயலான் கடைக்காரரிடமும் தச்சரிடமும் இருக்கிறது. தட்டிப் பார்த்தே மரத்தின் இனத்தையும் உளுத்த இடத்தையும் சொல்லிவிடும் அவர்களுக்கு, பெயின்டில் ஈயம் உண்டா என்பது கண்ணுக்குப் புலப்படாது. வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொண்டு சுரண்டும் வேலையை அவர்களிடம் ஒப்படைத்தால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. கூலிக்கு வந்தவரின் நுரையீரலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

மறுபாதி அறிவு ஆய்வகங்களில் இருக்கிறது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி ஈயத்தைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். சைனிக்புரியிலிருந்து சிறிது தொலைவிலுள்ள தார்நாக்காவில் உஸ்மானியா பல்கலைக்கழகமும் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. ஐதராபாத்தானாலும் சென்னையானாலும், இக்கருவி உள்ள ஆய்வகங்கள் மாதத்தில் ஒரு நாள் பொதுமக்களுக்கும் தச்சர்களுக்கும் கதவைத் திறந்தால், பெயின்ட் செதிலைக் கொண்டுவந்து சோதித்துச் செல்லலாம். முதுகலை மாணவர்களுக்கு அது பயிற்சியாகும். நகரத்தின் பழைய வீடுகளைப் பற்றிய தரவும் சேரும்.

நிலைத்தன்மை குறித்துக் கருத்தரங்குகள் நடத்தும் கல்விப்புலத்துக்கு இது பெருஞ்செலவன்று. மறுபயன்பாடு சேமிக்கும் மரத்தைக் கணக்கிடும் ஆய்வுகள், அந்த மரத்தைத் தேய்ப்பவரின் மூச்சையும் கணக்கில் எடுக்கட்டும்.