புரொபசர்களும் வீடியோப் பாடமும்

திருவாதவூரில் ஓவாமலை என்று ஒரு குன்று இருக்கின்றது. அதன் குகையில் 2000 வருஷங்களுக்கு முன் வெட்டிய தமிழ் எழுத்தை இன்றும் எவனும் ஏறிப் பார்க்கலாம். ஆனால் நேற்று ஒரு புரொபசர் காலேஜில் ஒரு மணி நேரம் சொன்ன பாடம் இன்று எங்கே இருக்கின்றது? நான்கு சுவருக்குள் இருந்த சிலர் காதில் விழுந்ததோடு அது தீர்ந்தது. அன்று நடவுக்குப் போய்விட்ட பிள்ளைக்கு அது இல்லவே இல்லை.

ஆகவே, பல்கலைக்கழக ஆசிரியர்கள் தங்கள் பாடத்தைத் தாங்களே வீடியோ எடுக்கப் பழக வேண்டுமென்பதும், அதற்குச் சர்க்கார் பயிற்சி கொடுக்க வேண்டுமென்பதும் நமது அபிப்பிராயமாகும்.

இது புதிய காரியமல்ல. 1984 ஆகஸ்ட் 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூரதர்ஷனில் பாடம் ஒளிபரப்ப ஆரம்பித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பாடப்படம் எடுப்பதற்கென்றே ஒரு கல்விப் பல்லூடக ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. 2003-ல் ஐ.ஐ.டி.கள் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கின. 2017-ல் 'ஸ்வயம்' வந்தது. 2021-ம் வருஷத்து விதி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவிகிதம் வரை அதன் வழியே படிக்க இடங்கொடுத்தது. எல்லாம் சரி; ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இங்கிலீஷில் அல்லவா இருக்கின்றன? மேலூர்ப் பக்கத்துக் குடியானவன் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் சொல்ல டில்லியிலிருந்தா ஆள் வருவான்?

"ஸ்டூடியோ இருக்கின்றதே, நாங்கள் ஏன் கற்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். ஸ்டூடியோ ஒன்று, ஆசிரியர்களோ ஆயிரக்கணக்கானவர்கள். முறை வரும்வரை காத்திருந்தால் பாடத்திட்டமே மாறிவிடும். சட்டைப் பையிலிருக்கும் செல்போனே போதுமானது. பத்து நிமிஷத்துக்கு ஒரே விஷயம் சொல்ல வேண்டும். வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலில்லாமல் முகத்தில் விழ வேண்டும். படம் சற்று மங்கினாலும் குரல் தெளிவாயிருக்க வேண்டும். காகிதத்தைப் பார்த்து ஒப்பிக்கக் கூடாது. எடுத்ததைத் தாமே பார்த்துக் குற்றம் திருத்த வேண்டும். இதிலே என்ன பிரம்மவித்தை இருக்கின்றது?

நரியைப் பரியாக்கிய கதை இந்தத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் பேரில் சொல்லப்படுவதுதான். காமிராவுக்கு அந்த 'மகிமை' கிடையாது. விளங்காத பாடத்தைப் படம் பிடித்தால் விளங்காத படம்தான் கிடைக்கும். ஆகையால் பயிற்சி என்பது கருவிக்கு மாத்திரமல்ல, விளங்கச் சொல்லுவதற்குமாகும்.

இனி ஆசிரியர்களின் பயம் ஒன்றுண்டு. "எங்கள் பாடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?" என்பதே அது. அதிலும் நிரந்தர உத்தியோகமில்லாத கௌரவ விரிவுரையாளர்கள் இப்படிப் பயப்படுவது நியாயமேயாகும். ஆதலால் வீடியோ எடுத்தவர் பேரும் உரிமையும் அவருக்கே என்றும், அதற்குச் செலவான நேரம் வேலை நேரமே என்றும், அதைக் காட்டி ஓர் உத்தியோகமும் குறைக்கப்படாது என்றும் முதலில் எழுத்தில் வரவேண்டும். வீடியோ கேள்விக்குப் பதில் சொல்லாது. ஏன், எப்படி என்று மாணவன் எழுந்து கேட்கிறவரை ஆசிரியர் வேண்டியே இருக்கும்.

ஆனால் பயத்தைச் சாக்காக வைத்துப் பாடத்தைப் பூட்டி வைப்பது நியாயமாகாது. பூட்டி வைத்த படிப்பினால்தான் நம் பாட்டன் கைநாட்டு வைத்தான். பேரனுக்காவது கதவு திறக்கட்டும்.